நகத்தின் அடியில் மஞ்சள் ஒளி

இருட்டறையில் ஒரு கைவிளக்கை ஏற்றி, அதன் கண்ணாடியை உங்கள் விரல் நுனியால் நன்றாக மூடிப் பாருங்கள். விளக்கிலிருந்து புறப்படுவது வெள்ளொளி. ஆனால் விரலைக் கடந்து வெளியே வருவதோ செவ்வொளி. மற்ற நிறங்கள் எங்கே போயின? அவற்றில் பெரும் பங்கை உங்கள் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொண்டது. இனி ஒரு நகத்தை அழுத்துங்கள். இளஞ்சிவப்பு மறைந்து வெளுக்கிறது. விட்டவுடன் சிவப்பு திரும்புகிறது. நகத்துக்கு நிறமில்லை, அடியில் ஓடும் இரத்தமே அதற்கு நிறம் தருகிறது என்பது இதனால் விளங்கும். இவ்விரு சோதனைகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையில் வரும் சிகிச்சையின் பாதி புரிந்துவிட்டது எனலாம்.

எனக்குச் சித்தப்பா முறையுள்ள ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். அவருடைய விரல் நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் சிறு குழிகள். சில நகங்கள் நுனியில் படுக்கையை விட்டுக் கழன்று மஞ்சளாகத் தெரிந்தன. தொற்றுநோய் என்று எண்ணித் துணி கொடுக்கத் தயங்கியவர்களும் உண்டு. "ஏம்ப்பா, லேசர் வைத்தால் ஒரே மாதத்தில் புது நகம் வந்துவிடுமாமே? நீ அதைத்தானே பாடம் நடத்துகிறாய்?" என்று ஒரு நாள் கேட்டார். நான் இயற்பியல் ஆசிரியனே தவிர மருத்துவனல்லன். ஆயினும் அக்கேள்வியில் இயற்பியல் நிறையவே இருந்தது.

அவருக்கு இருப்பது சொரியாசிஸ். சித்த மருத்துவ நூல்கள் இதைக் காளாஞ்சகப்படை என்கின்றன. உடலின் தற்காப்பு அமைப்பு தன் உடல் மீதே பாய்வதால் வரும் அழற்சி இது, தொட்டால் ஒட்டாது. தோலில் செதில் செதிலாக உதிரும் இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நகங்களிலும் மாறுதல் காணப்படுகிறது. நகம் முளைக்கும் வேர்ப்பகுதி தாக்கப்பட்டால் குழிகள் தோன்றும். நகப்படுக்கை தாக்கப்பட்டால் நகம் கழலும், எண்ணெய்த் துளி விழுந்தாற்போல் கறை படியும். இரண்டிலும் ஒரு பொது அடையாளம் உண்டு: அங்குள்ள இரத்தத் தந்துகிகள் விரிந்து, முறுக்கிக்கொண்டு, அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கும். அழற்சியைத் தூண்டும் செல்கள் அந்த வழியாகத்தான் வந்து சேர்கின்றன. அவ்வழியை அடைத்தால் என்ன?

அடைப்பதற்கு நகத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் கறுப்புத் துணியை மட்டும் சூடாக்குவதுபோல, நகத்தகடு உறிஞ்சாத, ஆனால் இரத்தம் உறிஞ்சுகிற ஒளியைச் செலுத்தினால் போதும். இந்தக் கருத்தை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு மருத்துவ அறிஞர்கள் 1983-இல் விளக்கி எழுதினர். இதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒன்று நிறம், மற்றொன்று நேரம்.

முதலில் நிறம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். பயன்படுவதோ 595 நானோமீட்டர். (ஆங்ஸ்ட்ராமில் படித்த பழைய மாணவர்கள் 5950 என்று வைத்துக்கொள்ளலாம்.) உச்சத்திலிருந்து சற்று விலகியது ஏன்? 577-இல் ஒளி மேலாகவே உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடும். 595-இல் உறிஞ்சல் குறைந்தாலும் ஒளி ஆழமாகச் செல்லும். இவ்வொளியைத் தருவது சாய லேசர். 1960-இல் மைமன் செய்த முதல் லேசரில் மாணிக்கக் கல் இருந்தது. 1966-இல் தோன்றிய சாய லேசரிலோ திரவத்தில் கரைத்த சாயம். ரோடமின் குடும்பத்துச் சாயங்கள் இதற்குப் பேர்போனவை. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தபோது செய்தித்தாள்களில் அடிபட்ட ரோடமின்-பி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மிட்டாயில் அது கேடு. லேசர்க் குழாயில் அதுவே கருவி.

அடுத்தது நேரம். அடுப்பிலிருந்து எடுத்த கடுகு உடனே ஆறிவிடும்; உருளைக்கிழங்கு நெடுநேரம் சூடாயிருக்கும். ஆறும் காலம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இரத்த நாளம் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடியில் தன் வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துவிடும்; இரு மடங்கு தடித்த நாளத்துக்கு அதைப்போல் நான்கு மடங்கு நேரமாகும். ஒளித்துடிப்பு இந்நேர அளவிலேயே முடிந்தால் நாளம் மட்டும் வெந்து மூடிக்கொள்ளும். பக்கத்துத் திசு தப்பிவிடும்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒளிவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.385 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 8 ஜூல் என்றால் மொத்தம் 3 ஜூல். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கக்கூட இது போதாது! ஆனால் இது 1.5 மில்லி விநாடியில் கொட்டப்படுகிறது. வகுத்தால் 2,000 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் திறன். ஆற்றல் சிறிது, திறன் பெரிது. தேர்வில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் இந்த எடுத்துக்காட்டை மனத்தில் வைக்கலாம்.

தோல் சொரியாசிசுக்குப் பயன்படும் 308 நானோமீட்டர் எக்சிமர் லேசரை நகத்துக்கும் காட்டினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். அது புற ஊதாக் கதிர். அதை நகத்தகடு ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும், சன்னலே சுவராகிவிடும். கார்பன்-டை-ஆக்சைடு லேசர் வேறு வேலை செய்கிறது. அதன் 10,600 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சும். நகத்தில் நுண்துளைகளிட்டு, பூசும் மருந்து உள்ளே இறங்க அது வழி செய்கிறது.

பலன் எப்படி? சாய லேசரைப் பெரும்பாலும் மாதம் ஒரு முறையாகச் சில மாதங்கள் செலுத்துகின்றனர். குழிகளும் கழலலும் குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். சிலவற்றில் பத்துப் பேர்கூட இல்லை. தாய்லாந்தில் 20 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று 6 மில்லி விநாடித் துடிப்பையும் 0.45 மில்லி விநாடித் துடிப்பையும் ஒப்பிட்டது. இரண்டிலும் நகம் தேறியது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மேலே நான் பெருமையோடு சொன்ன நேரக் கணக்கு நகத்தில் அவ்வளவு கறாராகச் செல்லுபடியாகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வலி உண்டு, இரத்தக்கட்டுப் புள்ளிகள் தோன்றி மறையும். தோலின் கருநிறமியும் இந்த ஒளியை உறிஞ்சுவதால் நம்மைப் போன்ற மாநிறத்தார்க்கும் கறுத்த தோலினருக்கும் நகத்தைச் சுற்றிக் கறை படிய வாய்ப்பு அதிகம். அறையில் இருப்போர் அனைவரும் அதற்குரிய கண்ணாடி அணிய வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் நோய் திரும்பி வரலாம், ஏனெனில் மூலகாரணம் நகத்தில் இல்லை.

சித்தப்பாவிடம் நான் சொன்னவை மூன்று. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சையும் நகத்தை இப்படியே கெடுக்கும். ஆகவே முதலில் தோல் மருத்துவரிடம் நகத்தைச் சுரண்டிக் கொடுத்து நுண்ணோக்கிச் சோதனை செய்துகொள்ளுங்கள். பூசும் மருந்தும் ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன. லேசர் அவற்றுக்குப் பின்னால் நிற்பது. விரல் மூட்டு வலித்தாலோ வீங்கினாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் இந்நோய் மூட்டையும் தாக்கும்.

"அப்படியானால் அந்த ஒரு மாதம்?" என்றார் அவர்.

தையற்காரருக்கு அளவுநாடாவைத்தானே காட்ட வேண்டும்? விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். வேரிலிருந்து நுனி வரை புதிதாக வளர ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஓர் ஆண்டுக்கும் மேல். எந்த லேசரும் இந்த வேகத்தை முந்த முடியாது. நாடாவை விரல் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு, கடனுக்குச் சொல்லி வைத்திருந்த இடத்தில் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுரண்டல் சோதனைக்குப் போனார்.