விண்டோஸ் 11-ல் பழைய புரோகிராம் ஓடவில்லையா?

"அண்ணே, விண்டோஸ் 11 போட்டதிலேருந்து எதுவுமே ஓட மாட்டேங்குது." திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதையொட்டி மளிகை மொத்த வியாபாரி, அச்சகத்தார், டி.டி.பி. சென்டர்காரர் எனப் பலரும் மாறத் தொடங்கினார்கள்.

"எதுவுமே" என்பதை நான் நம்புவதில்லை. பிரவுசர் ஓடும், எக்செல் ஓடும். நின்றுபோனது ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். அது புரோகிராமா, டிரைவரா, ஃபான்ட்டா என்று பிரித்துப் பார்க்காமல் கை வைத்தால், ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுவிடும். அதனால் எரர் வந்ததும் திரையை மொபைலில் படம் எடுத்து வரச் சொல்வேன். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில், எதோடு மல்லுக்கட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம்கள் ஓடாது. டாஸில் எழுதிய பில்லிங் புரோகிராம்களும், விண்டோஸ் 3.1 காலத்தவையும் இந்த ரகம். சில சமயம் புரோகிராம் 32 பிட்டாகவே இருக்கும். அதன் செட்டப் ஃபைல் மட்டும் 16 பிட்டாக இருந்து காலை வாரும். அதை எத்தனை முறை கிளிக் செய்தாலும் பயனில்லை.

32 பிட் புரோகிராம்கள் பெரும்பாலும் ஓடும். முரண்டு பிடித்தால், அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி என்ற பக்கத்தைத் திறந்து, விண்டோஸ் 7 அல்லது எக்ஸ்பி என்று தேர்ந்தெடுங்கள். 'நீ பழைய விண்டோஸில்தான் இருக்கிறாய்' என்று புரோகிராமிடம் சொல்லும் ஒரு பொய் இது. பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு ஓட மறுக்கும் புரோகிராம்கள் இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

அதே பக்கத்தில் 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை யோசிக்காமல் டிக் செய்யாதீர்கள். ஒரு ஹார்டுவேர் கடையில் முதலாளியின் தங்கை மகன் அதைத்தான் செய்தான். பில்லிங் புரோகிராம் திறந்தது. ஸ்டாக் மட்டும் மொத்தமும் பூஜ்யம். "மாமா, கணக்கெல்லாம் போச்சு" என்று பையன் அழாத குறை.

கணக்கு எங்கும் போகவில்லை. எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் பல, தங்கள் டேட்டாவை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. ஆனால் புரோகிராம் நின்றுவிடக் கூடாதே என்று, எழுதுவதையெல்லாம் சத்தமில்லாமல் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டியதும் இந்தத் திருப்பல் நின்றுபோய், பல வருடங்களுக்கு முன் இன்ஸ்டால் செய்தபோது இருந்த வெற்று டேட்டாவைப் புரோகிராம் காட்டியது. யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல் என்று போனால் விர்ச்சுவல் ஸ்டோர் இருக்கும். அங்கே ஸ்டாக் முழுசாக இருந்தது. புரோகிராமையும் டேட்டாவையும் சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு மாற்றினோம். தொல்லை தீர்ந்தது.

டிரைவர் விஷயத்தில் அந்தக் கம்பாட்டிபிலிட்டி பொய்யெல்லாம் செல்லாது. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. பிரின்டரோ, மென்பொருளுக்கான டாங்கிளோ, தயாரித்த நிறுவனம் 64 பிட் டிரைவர் தந்திருக்கிறதா என்று விண்டோஸ் மாற்றுவதற்கு முன்பே பாருங்கள். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு டிரைவரே கிடைக்காவிட்டாலும், விண்டோஸில் உள்ள 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரைப் போட்டு வெறும் எழுத்தையாவது அடிக்கலாம். சில பழைய டிரைவர்களை 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி தடுக்கும். அதை அணைத்தால் டிரைவர் ஓடலாம். வைரஸுக்கும் ஒரு கதவு திறக்கும்.

அச்சகத்தாரின் தலைவலி வேறு. ஃபார்மேட் செய்து புது விண்டோஸ் போட்டவுடன், பழைய திருமணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் உருவங்கள்தான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலில் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச். ஃபான்ட் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிவதும் அவ்வளவுதான். ஃபைல் கெட்டுவிடவில்லை; ஃபான்ட்டை மீண்டும் போட்டால் எழுத்து வந்துவிடும். அதனால் ஃபார்மேட்டுக்கு முன் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுப்பது கட்டாயம்.

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் புரோகிராமை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. 2001-ல் வந்த 7-ம் பதிப்போடு அதன் கதை முடிந்தது. அந்த ஃபைல்களை இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறக்கலாம். பின்னால் வந்த சி.சி. பதிப்புகள் திறக்காது. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே வேண்டியவற்றை பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள், எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

எந்த வழியும் பலிக்காத புரோகிராமுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. புது விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் 32 பிட் விண்டோஸ் 7-ஐ ஓட்டி, பழைய புரோகிராமை அதற்குள் குடிவைக்கலாம். அதற்கு இன்டர்நெட் இணைப்பு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஃபார்மேட் செய்யாமல் அப்கிரேடு மட்டும் செய்திருந்தால், செட்டிங்ஸில் ரெக்கவரி என்ற இடத்தில் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி 10 நாட்களுக்கு இருக்கும். அதனால் மாற்றிய முதல் வாரத்திலேயே பில் போட்டு, பிரின்ட் எடுத்து, வருஷக் கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தொழில் நடக்கும் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யச் சொல்லாதீர்கள். புது எஸ்.எஸ்.டி. வாங்கி அதில் புது விண்டோஸ் போடச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.