சர்க்கரைப் பூட்டுடன் போன விண்கலம்

1967 ஜூனில் சோவியத் யூனியன் வெள்ளிக் கோளுக்கு அனுப்பிய வெனேரா 4 விண்கலத்தில், சர்க்கரையால் ஆன பூட்டு ஒன்று இருந்தது. கலம் தண்ணீரில் விழுந்தால் சர்க்கரை கரையும், பூட்டு விடும், ஆன்டெனா வெளிப்படும். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. எந்நேரமும் மேகம் மூடிக் கிடக்கும் அந்தக் கோளின் தரையை அதுவரை எந்தத் தொலைநோக்கியும் பார்த்ததில்லை. அங்கே வெப்பம் கடுமை என்று 1962-லேயே அமெரிக்காவின் மரைனர் 2 சொல்லிவிட்டது. ஆனாலும் கடல் இருக்கலாம் என்ற ஆசையை எல்லோரும் விட்டுவிடவில்லை.

அக்டோபர் 18-ஆம் தேதி வெனேரா 4 பாராசூட்டில் இறங்கியது. இன்னொரு கோளின் காற்றுக்குள் இருந்தபடியே எடுக்கப்பட்ட முதல் அளவீடுகள் பூமிக்கு வந்தன. வெப்பம் 262 டிகிரி செல்சியஸை எட்டியபோது கலம் மௌனமானது. தரையைத் தொட்டுவிட்டதாகத்தான் மாஸ்கோ முதலில் அறிவித்தது. உண்மையில் தரை இன்னும் சுமார் 25 கிலோமீட்டர் கீழே இருந்தது.

பொறியாளர்கள் அடுத்தடுத்த கலங்களை மேலும் மேலும் தடிமனாக்கினார்கள். 1970 டிசம்பர் 15-ல் இறங்கிய வெனேரா 7 டைட்டானியத்தால் ஆனது. 180 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கக்கூடியது. கடைசி நேரத்தில் பாராசூட் கிழிந்து, கலம் தரையில் மோதிச் சாய்ந்தது. கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். பிறகு பதிவு நாடாக்களை அலசியபோது, இரைச்சலுக்கு அடியில் 23 நிமிட மெல்லிய சமிக்ஞை கிடந்தது. வந்தது வெப்ப அளவு மட்டும்தான்: 475 டிகிரி. ஈயம் உருகும் சூட்டைவிட அதிகம். வேறொரு கோளின் தரையிலிருந்து நமக்குக் கிடைத்த முதல் தகவல் அதுதான்.

1975 அக்டோபரில் வெனேரா 9 முதல் படத்தை அனுப்பியது: கூரான, தட்டையான பாறைகள். அதன் இரண்டு கேமராக்களில் ஒன்றின் மூடி கழலவில்லை. வெனேரா 10-லும் அப்படியே. 1978-ல் போன வெனேரா 11, 12 இரண்டிலும் ஒரு மூடிகூடக் கழலவில்லை. கந்தக அமில மேகத்தைக் கடந்து, கடலுக்குள் 900 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் நிற்கும் இயந்திரத்தை ஒரு மூடி தோற்கடித்தது!

1982 மார்ச்சில் மூடிகள் கழன்றன. வெனேரா 14-ல் கழன்ற மூடி ஒன்று, மண்ணின் கெட்டித்தன்மையை அளக்க நீண்ட கை எங்கே ஊன்ற வேண்டுமோ அதே இடத்தில் போய் விழுந்தது. வெள்ளியின் மண்ணுக்குப் பதிலாக அது பூமியில் செய்த மூடியை அளந்தது. அதற்கு நான்கு நாள் முந்திய வெனேரா 13 வண்ணப் படம் அனுப்பியது, துளையிட்டு எடுத்த மண்ணில் எரிமலைப் பாறையின் கூறுகளைக் கண்டது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்த கலம் அது. தாங்கியது 127 நிமிடம்.

ஈயத்தை உருக்கும் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வெளிச்சத்தில் பெரும்பங்கை மேகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வெள்ளி உள்வாங்கும் சூரிய ஆற்றல் பூமி வாங்குவதைவிடக் குறைவு. உள்ளே புகுந்த கொஞ்சத்தையும் வெளியே விடாமல் பிடித்துவைப்பது 96.5 சதவீதம் கரியமில வாயுவாக இருக்கும் காற்று. பூமியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு கரியமிலம் உண்டு. இங்கே நீர் அதைக் கரைத்துச் சுண்ணாம்புப் பாறையாகப் பூட்டி வைத்திருக்கிறது. வெள்ளி தன் நீரை இழந்துவிட்டது. அங்கு மிஞ்சிய ஹைட்ரஜனில் கன ஹைட்ரஜனின் விகிதம் பூமியில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேல்; லேசானது விண்வெளிக்குத் தப்பிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த நீர் கடலாகத் தேங்கியதா, ஆவியாகவே போனதா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

கோள் செத்துவிடவில்லை. வெள்ளியைச் சுற்றிவந்த மெகல்லன் விண்கலத்தின் ரேடார் 1991-ல் எடுத்த படங்களை மறுபடி ஒப்பிட்டவர்கள், மாத் மோன்ஸ் எரிமலையின் வாய் ஒன்று எட்டு மாதத்தில் உருமாறியிருந்ததை 2023-ல் வெளியிட்டார்கள். வெள்ளியைச் சுற்றி ஆராய இந்தியா திட்டமிட்ட சுற்றுக்கலனுக்கும் மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாய் ஒதுக்கியது.

ஆனால் தரையில் யார் நிற்பது? 1985-ல் சோவியத்தின் வேகா 2 கலம் இறங்கிய பிறகு அங்கே யாரும் இறங்கவில்லை. செவ்வாயிலோ ஊர்திகள் ஆண்டுக்கணக்கில் உலவுகின்றன. எனக்கு இது ஓரவஞ்சனையாகவே படுகிறது. நாசாவின் டாவின்சி திட்டத்தில் ஒரு கோளம் ஒரு மணி நேரம் இறங்கியபடி காற்றை அளக்கும், மலைப்பகுதியைப் படம்பிடிக்கும். தரையில் மோதியும் பிழைத்தால் 17, 18 நிமிடம் இயங்கலாமாம். அது கட்டாயமில்லை, கிடைத்தால் லாபம்.