வெட்டிப் பேச்சா அது?

மேடையிலே பேசினால் அதற்குச் சொற்பொழிவு என்று பெயர். சட்டமன்றத்திலே பேசினால் விவாதம். வயது முதிர்ந்த மூன்று பேர் சாயாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் சக்கையைப் பற்றியும் பேசினால் மட்டும் ‘வெட்டிப் பேச்சு’ என்கிறோம். நாமும் அப்படித்தான் சொல்லி வந்தோம். கருங்கல்லில் ஒரு மாலைப்பொழுது நம் எண்ணத்தை மாற்றிற்று.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 14, வியாழக்கிழமை. அன்று சித்திரை முதல் நாள். கிறித்தவர்களுக்கு அது பெரிய வியாழன். மறுநாள் புனித வெள்ளி, ஞாயிறன்று ஈஸ்டர். இசுலாமியருக்கோ ரமலான் நோன்புக் காலம். அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாளும் அதுதான். இனி அந்த நாள் சமத்துவ நாளாகக் கொண்டாடப்படும் என்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது அதற்கு முந்தின நாளில்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கினோம். கொன்றை பூத்துக் கிடந்த நேரம். கணி காணவும் கைநீட்டம் கொடுக்கவும் சில வீடுகளில் ஏற்பாடு. தேவாலயங்களில் மறுநாள் கஞ்சிக்கும் பயற்றுக்கும் ஏற்பாடு. கூட்டத்துக்கு நேரம் இருந்ததால் சாயாக்கடையில் ஒதுங்கினோம்.

பெஞ்சில் மூன்று பெரியவர்கள். ஒருவர் பனையேறி, பனையை விட்டுப் பத்தாண்டு ஆகிறது, ஆனால் மார்பிலே பனை உரசிய தழும்பு இன்னும் மாறவில்லை. அவர் வீட்டில் சித்திரைக் கணி. இன்னொருவர் ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி. தவக்காலம் முடிந்து ஈஸ்டரை எதிர்பார்த்திருப்பவர். மூன்றாமவர் தேங்காப்பட்டணத்துக்காரர், துணிமூட்டை சுமந்து வீடு வீடாக விற்றுப் பிழைத்தவர். அன்று அவர் நோன்பு.

கடைக்காரர் இரண்டு சாயா கொண்டுவந்தார். மற்ற இருவரும் தொடவில்லை.

“குடியும் ஓய், எனக்க நோம்பு ஒமக்க சாயாவில முறியாது” என்றார் துணிக்காரர்.

“அந்திக்குச் சேந்து குடிக்கலாம். இப்ப என்ன அவசரம்?” என்று டம்ளரைத் தள்ளி வைத்தார் பனையேறி.

மதநல்லிணக்கம் என்ற சொல் அந்தப் பெஞ்சில் ஒருமுறையேனும் எழவில்லை. ஆறிப்போன இரண்டு டம்ளர் சாயா மட்டுமே அங்கே இருந்தது.

சக்கையில் ஒரு கணக்கு

பேச்சு தொடர்ந்தது.

“பால்வெட்டு தொடங்கியாச்சா ஓய்?”

“எங்க? மரம் எல உதுத்து இப்பத்தான் தெளிஞ்சிருக்கு. ஒரு நல்ல மழ பெய்யட்டு.”

“எனக்க வெளையில சக்க காய்ச்சி கெடக்கு. பறிக்கத்தான் ஆளில்ல. நாளைக்கு ஆளு கெடச்சா ரெண்டெண்ணம் ஒமக்க முற்றத்தில போடுவேன். பெரண்டு அழுகிப் போறதுக்கு ஆருக்காவது ஆகட்டு.”

“ம்” என்றார் பால்வெட்டுக்காரர்.

அவ்வளவுதான்! கேட்பவருக்கு இது என்ன பேச்சு? மழை, மரம், சக்கை! ஆனால் தொழில் தெரிந்தவன் காதில் இது வேறுவிதமாக விழும். ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலை உதிர்க்கும். துளிர்த்துத் தெளியும் வரை பால் குறையும். தோட்டங்களில் வெட்டை நிறுத்தி வைப்பார்கள். வெட்டு இல்லையென்றால் நாட்கூலிக்காரனுக்குக் கூலி இல்லை. மாசி பங்குனியில் கை வறளும். அந்த வறட்சியின் வாலிலேதான் ஈஸ்டர் வந்து நிற்கும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி வேண்டும், வீட்டில் கறி மணக்க வேண்டும். மடியிலோ காசு இல்லை.

‘வெட்டு தொடங்கியாச்சா?’ என்ற கேள்விக்குப் பொருள், ‘வீட்டில் அடுப்பு எரிகிறதா?’ என்பது. ‘மழை பெய்யட்டு’ என்ற விடைக்குப் பொருள், ‘எரியவில்லை’ என்பது. சக்கை அழுகிப் போகிறது என்பது, கொடுப்பவன் கை மேலே நிற்காமலும் வாங்குபவன் தலை கீழே குனியாமலும் இருக்கச் சொன்ன நாகரிகம். கடன் என்ற சொல்லும் வரவில்லை. தருமம் என்ற சொல்லும் வரவில்லை. ஒரு குடும்பத்தின் திருநாள் காப்பாற்றப்பட்டது.

இதைத்தான் நாம் வெட்டிப் பேச்சு என்றோம்!

பனையேறியிடம், “உங்கள் காலத்தில் சித்திரை முதல் நாள் விடுமுறைதானே?” என்று கேட்டு வைத்தோம். அவர் சிரித்தார்.

“பாளைக்கு ஞாயிறும் சித்திரையும் தெரியுமா பிள்ளே? ஒரு நாளு சீவாம விட்டா அது அடைச்சுப் போவும். கணியும் கண்டுட்டு மரத்திலயும் ஏறணும். அந்திக்குத் திரும்பவும் ஏறணும்.”

காலையிலும் மாலையிலும் பாளை சீவ வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அக்கானி இறக்க வேண்டும். அதைப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். கோடையே பனைக்குப் பருவம். ஆக, இளவேனில் திருநாட்கள் ஒரு தொழிலாளிக்கு வேலையில்லாத நாளில் வருகின்றன; இன்னொரு தொழிலாளிக்கு ஓய்வில்லாத நாளில் வருகின்றன. நாட்காட்டியில் சிவப்பு எழுத்து எல்லார்க்கும் ஒன்று. உழைப்பவன் வீட்டில் அதன் நிறம் வேறு.

மூன்று கணக்கு, ஒரு வானம்

“அது கெடக்கட்டும். சித்திர ஒண்ணு எப்பவும் ஒரே தேதிக்கு வருது. ஒமக்க ஈஸ்டரு மட்டும் ஏன் ஓய் அங்கயும் இங்கயும் ஓடுது?” என்று பனையேறி வம்புக்கு இழுத்தார்.

பால்வெட்டுக்காரர் விரல்விட்டுச் சொன்னார். மார்ச் 21, அல்லது அதற்குப் பின் வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றிலும் வரலாம். அந்த ஆண்டு சித்திரைப் பௌர்ணமி 16ஆம் தேதி சனிக்கிழமை. ஈஸ்டர் 17ஆம் தேதி. பிற்பாடு 2024இல் அது மார்ச் 31க்கே வந்துவிட்டது. 2025இல் ஏப்ரல் 20க்குத் தள்ளிப் போயிற்று.

“ஒமக்கது சூரியன் கணக்கு. இவருக்கது பிறக் கணக்கு. அதுனால நோம்பு வருசத்துக்குப் பத்துப் பதினோரு நாளு முந்தி வரும். எனக்கது ரெண்டும் சேந்தது” என்று முடித்தார்.

“அப்போ எல்லாரும் ஒரே வானத்தப் பாத்துத்தான் கணக்குப் போடுறோம்” என்றார் துணிக்காரர்.

பெரிய தத்துவம் சொல்லிவிட்டதாக அவர் நினைக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகன் கல்ஃபிலிருந்து போன் பண்ணினதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

அந்தப் பெஞ்சு எப்படி வந்தது?

தோழர்களே, இந்த மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஏதோ இயற்கையாக அமைந்துவிட்டதல்ல. இவர்களுடைய பாட்டன் காலத்தில் இப்படி உட்கார முடியுமா? இது பழைய திருவிதாங்கூர் மண். மேலாடை அணியும் உரிமைக்காக உழைக்கும் சாதிப் பெண்கள் போராடி, 1859இல் மன்னர் அரசிடமிருந்து பிரகடனம் பெற வேண்டியிருந்த மண். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் அறப்போர் தொடங்க வேண்டியிருந்தது. அதில் பங்கேற்றுப் பெரியார் சிறை சென்றார். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. இங்கிருந்து கூப்பிடு தொலைவு போன்றது புதுக்கடை. 1954 ஆகஸ்டு 11இல், தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள்மீது அங்கேயும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கி வெடித்தது. 1956 நவம்பர் முதல் நாள் இந்த மாவட்டம் நம்மோடு சேர்ந்தது.

உடுக்கும் உரிமை, நடக்கும் உரிமை, நுழையும் உரிமை, தாய்மொழி நிலத்தோடு சேரும் உரிமை — இத்தனையும் வென்ற பிறகு விளைந்த விளைச்சல்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சக்கையைப் பற்றிப் பேசும் உரிமை. அது சின்ன விளைச்சலா?

பேச்சு நின்ற ஆண்டு

அந்த விளைச்சலை இழந்த காலமும் உண்டு. 1982 மார்ச்சு மாதம். மண்டைக்காட்டில் மாசிக் கொடை நேரத்தில் மூண்ட இந்து–கிறித்தவ மோதல், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி, அக்கம்பக்கத்து ஊர்களில் தீ. அரசு வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து அமைதிக்குப் பாடுபட்டார். சைவ மடத்தின் தலைவர் அவர். அமைதி தேடி வந்தவர், இரு சாரார் துயரையும் தம் துயராகக் கொண்டார்.

அப்போது இந்தப் பனையேறிக்கும் பால்வெட்டுக்காரருக்கும் முப்பது வயதைச் சுற்றி. அண்டை வீட்டுக்காரர்கள். ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளவில்லை; ஏசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது.

“எத்தனை நாள்?” என்று கேட்டோம்.

“பதினோரு மாசம். ஒரே வரப்பில போவோம், மொகத்தப் பாக்காம. அந்த வருசம் ஈஸ்டருக்கு இவரு வீட்டில இருந்து அப்பம் வரல்ல. நானும் சக்க குடுக்கல்ல; எனக்க கண்ணு முன்னால கெடந்து அழுகிச்சு.”

“பிறகு எப்படி?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால்வெட்டுக்காரர் சொன்னார்:

“ஒரு நாளு வெளுப்பான் காலம். நான் வெட்டுக்குப் போறேன். இவரு மரத்துக்குப் போறாரு. வழியில நின்னு, ‘ஓய், தீப்பெட்டி இருக்கா?’ன்னு கேட்டாரு. குடுத்தேன். பீடி பத்த வச்சாரு. ‘பனி கூடுதல் இல்லியா?’ன்னாரு. ‘ஆமா’ன்னேன். அவ்வளவுதான்.”

“எனக்க மடியில தீப்பெட்டி இருந்துது” என்றார் பனையேறி, தரையைப் பார்த்தபடி.

நாம் ஒன்றும் பேசவில்லை. ஆணையங்கள் அறிக்கை எழுதுகின்றன; தலைவர்கள் அமைதி ஊர்வலம் போகிறார்கள்; எல்லாம் தேவை. ஆனால் ஓர் ஊரில் அமைதி திரும்பிவிட்டது என்பதற்கு அத்தாட்சி, ‘பனி கூடுதல் இல்லியா?’ என்று ஒருவன் கேட்டு, ‘ஆமா’ என்று இன்னொருவன் சொல்வதுதான். எரித்தவர்கள் தேடியதும் தீ. இந்த ஏழை கேட்டதும் தீ. அது வீட்டைக் கொளுத்த. இது உறவைக் கொளுத்தி வைக்க!

நாம் கற்க வேண்டியது

மக்களைப் பிரித்து ஆதாயம் தேடுகிறவர்கள் முதலில் செய்வது என்ன? கத்தியைக் கொடுப்பதல்ல, பேச்சை நிறுத்துவது. அண்டை வீட்டுக்காரனிடம் ‘இது உள்ளதா ஓய்?’ என்று கேட்கும் வழக்கத்தை அழித்துவிட்டால் போதும். பிறகு எந்தப் பொய்யும் ஊரில் உண்மையாக உலவும். அன்று வாய்வழி ஓடிய வதந்தி இன்று செல்பேசிவழி பறக்கிறது. அதற்குக் காவல் வைக்கத் தனிப்படை வேண்டாம்; பெஞ்சு போதும், அதில் உட்கார்ந்து பேச ஆள் போதும்.

ஆனால் பெஞ்சுகள் காலியாகி வருகின்றன. இளைஞர்கள் கடல் கடந்து போகிறார்கள். இருப்பவர்கள் தலைகுனிந்து திரையைப் பார்க்கிறார்கள். நம் தோழர்களோ? சுவரெழுத்து எழுதத் தெரிகிறது, கொடி கட்டத் தெரிகிறது, முழங்கத் தெரிகிறது. ஒரு முதியவர் பக்கத்தில் அரைமணி நேரம் வாய்மூடி உட்காரத் தெரிகிறதா? கூலி எங்கே நின்றது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த இரண்டு வீட்டுக்கிடையே பேச்சு அறுந்தது — இவையெல்லாம் கிளைக்கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் இராது. சக்கைப் பேச்சில்தான் இருக்கும்.

சித்திரையும் ஈஸ்டரும் நோன்பும் ஆண்டுதோறும் வரும். வரும்போது வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஊர்ச் சாயாக்கடைக்குப் போங்கள். மழை எப்படி, மரம் எப்படி என்று கேளுங்கள். விடையைக் கவனமாகக் கேளுங்கள்.

அன்று கூட்டத்துக்கு நாம் தாமதமாகத்தான் போனோம். அந்தி மயங்கிற்று, பள்ளிவாசல் பாங்கோசை கேட்டது. துணிக்காரர் மடியிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து மற்ற இருவருக்கும் கொடுத்து, நமக்கும் நீட்டினார். கடைக்காரர் ஆறிய சாயாவைக் கொட்டிவிட்டுப் புதிதாக நாலு டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

“கொஞ்சம் நீங்கி இரியும் ஓய், இந்தப் பிள்ளையும் இருக்கட்டு” என்றார் பனையேறி.

இடம் கிடைத்தது, உட்கார்ந்தோம்.