தீபாவளி என்றைக்கு வந்தது?
பெரிய கம்பெனி பேட்டியில் ஒரு வேடிக்கையான கேள்வி

தியாகராயநகரில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் நடந்த வியாபாரத்தில் பாதிகூட 2024 நவம்பரில் நடக்கவில்லை. காரணம் என்ன?

பெரிய கம்பெனியின் பேட்டியில் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

"விலை ஏறிவிட்டது" என்பார் ஒருவர். "எல்லோரும் செல்போனிலேயே வாங்குகிறார்கள்" என்பார் இன்னொருவர். "மழை பெய்திருக்கும்" என்பார் மூன்றாமவர்.

மயிலாப்பூர் மாடவீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். "அந்த வருஷம் தீபாவளி என்றைக்கு வந்தது?" என்று திருப்பிக் கேட்பார்.

பாட்டிதான் பாஸ்!

2023-ல் தீபாவளி நவம்பர் 12-ந் தேதி வந்தது. 2024-ல் அக்டோபர் 31-ந் தேதியே வந்துவிட்டது. புடவை எடுக்க வேண்டியவர்கள் அக்டோபரிலேயே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்? இரண்டு வருஷத்திலும் தீபாவளிக்கு முந்தின 30 நாள் வியாபாரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் குறைந்திருந்தால்தான் விலையையும் மழையையும் பற்றி யோசிக்க வேண்டும்.

என்ன உத்தியோகம் இது?

இந்த வேலைக்கு 'டேட்டா அனலிஸ்ட்' என்று பெயர். யார் வாங்கினார், எப்போது வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார் என்ற கணக்குகள் கம்பெனியில் தினமும் மலைபோல் குவிகின்றன. அதை அலசிப் பார்த்து, "நடப்பது இதுதான்" என்று மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். பாங்கு, ஆஸ்பத்திரி, மளிகைக் கம்பெனி எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு.

கணக்குத் தெரிந்தவர் வேலை தேடி அலைவது சென்னைக்குப் புதிதல்ல. கணித மேதை ராமானுஜன் 1912-ம் ஆண்டு பிப்ரவரியில் துறைமுகக் கழகத்துக்கு மனுப் போட்டார். மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவருக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குப் பல கட்டப் பரீட்சை இருக்கிறது!

முதலில் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. அடுத்து எக்ஸெல், எஸ்.கியூ.எல். இவற்றில் கேள்விகள். பிறகு ஜவுளிக்கடைக் கேள்வி போன்ற புதிர். கடைசியில் குடும்பம், ஊர், சம்பளம் பற்றிய பேச்சு.

மொய் நோட்டுப் பாடம்

எஸ்.கியூ.எல். என்றதும் பலர் நடுங்குகிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியில் பிறந்த கம்ப்யூட்டர் மொழி அது. கணக்குப் பட்டியல்களிடம் கேள்வி கேட்கும் மொழி, அவ்வளவுதான்.

கலியாண வீட்டில் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று, பத்திரிகை வைத்தவர்களின் பட்டியல். மற்றொன்று, மொய் நோட்டு. "பத்திரிகை வைத்தும் மொய் எழுதாதவர்கள் யார்?" என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டிலும் பெயர் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அதற்கு 'இன்னர் ஜாயின்' என்று பெயர். இதில் எழுதாதவர் தப்பிவிடுவார்! பத்திரிகைப் பட்டியலை முழுதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மொய்த் தொகையை எழுதிக்கொண்டே போனால் அது 'லெஃப்ட் ஜாயின்'. எதிரே வெற்றிடம் விழுந்தால் அவர்தான் நாம் தேடும் ஆள்.

ஆனால் அவசரப்படக் கூடாது. ஒரு பட்டியலில் 'என். கணேசன்' என்றும், மற்றதில் 'கணேசன் என்.' என்றும் இருந்தால் கம்ப்யூட்டர் அவர்களை இரண்டு ஆள் என்றே நினைக்கும். மொய் எழுதிய மாமாவின் மேல் வீண்பழி விழும். இப்படிப்பட்ட பிழைகளைக் களைவதிலேயே இந்த உத்தியோகத்தில் பெரும்பொழுது போய்விடுகிறது.

கட்டளையை எழுதித் தர இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அது தந்த விடை சரியா என்று பார்க்க மனிதன்தான் வேண்டும். கணேசன் விஷயம் தெரிந்தவரைத்தான் கம்பெனி தேடுகிறது.

சராசரியும் ஒரு பொறி. 9 பேருக்குச் சம்பளம் 20 ஆயிரம், ஒருவருக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் என்றால் சராசரி 40 ஆயிரம். அந்தச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை! சம்பளங்களை வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பதைச் சொன்னால் 20 ஆயிரம் என்ற உண்மை தெரியும்.

நகையை அடகு வைக்க வேண்டாம்

இதையெல்லாம் படிக்கத் தாயார் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

அடையாற்றை அடுத்த கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோயும் அங்கே படிக்கலாம். பக்கத்திலேயே உள்ள ஐ.ஐ.டி., 2020 முதல் இந்தப் பாடத்தில் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகிறது. பிளஸ் 2-வில் எந்தப் பிரிவு எடுத்தவரும், வயது வரம்பின்றி, தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். ஐ.ஐ.டி.க்கள் கூடி நடத்தும் என்.பி.டெல். பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

"இவ்வளவு கட்டினால் வேலை நிச்சயம்" என்று யாராவது போன் செய்தால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பேட்டிக்கு முன்பணம் கேட்பவன் மோசடிக்காரன்.

வீட்டு ரசீதே போதும்

"நீயாக ஏதாவது ஆராய்ந்தது உண்டா?" என்று பேட்டியில் கட்டாயம் கேட்பார்கள். பலரும் இணையத்தில் கிடைக்கும் ஒரே அமெரிக்கக் கணக்கைக் காட்டுகிறார்கள். கேட்பவருக்கே அது மனப்பாடம்!

வீட்டு அலமாரியில் கிடக்கும் மின்சார ரசீதுகளை எடுங்கள். இரண்டு வருஷக் கணக்கை எக்ஸெலில் ஏற்றிப் படம் போடுங்கள். ஒரே ஒரு ரசீது மட்டும் பனைமரம்போல் உயர்ந்து நிற்கலாம்.

"இது ஏன்?" என்று பேட்டியில் கேட்பார்கள்.

"அக்காள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், சார். குழந்தைக்காக ராத்திரியெல்லாம் ஏ.சி. ஓடியது."