சுரங்க ரெயிலை முழுகடித்த ஆறு!
பாதாள அறையில் தூங்கிய பிளான் கட்டு சொன்ன சேதி

மழைத் தண்ணீர் தெருவில் நிற்கும். வீட்டுக்குள்ளும் வரும். ரெயில் சுரங்கத்துக்குள்ளேயே ஒரு ஆறு இறங்கினால்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் அது நடந்தது.

1996-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. ஊருக்குள் ஓடும் 'மடி ரிவர்' என்ற சின்ன ஆறு கரையை மீறியது. பெயருக்கு அர்த்தம் சேற்றாறு. இந்த ஆற்றங்கரை ஓரமாகத்தான் ரெயில் சுரங்கத்துக்குள் நுழையும் வாய் இருக்கிறது. அது வழியாகத் தண்ணீர் மடமடவென்று உள்ளே இறங்கியது. கென்மோர் சுரங்க ரெயில் நிலையம் முழுகியது. தண்டவாளம், பிளாட்பாரம், மின்சார சாமான்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில்!

மறுநாள் திங்கட்கிழமை. ஆபீசு போகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

பைப்புக்குள் ஆறு

இத்துனூண்டு ஆறு ஏன் இப்படிச் சீறியது? மழை ஒரு காரணம். மனிதன் செய்த காரியம் இன்னொரு காரணம்.

ஆற்றங்கரையில் சியர்ஸ் என்ற பெரிய கடை இருந்தது. கார் நிறுத்த இடம் போதவில்லை. 1950-களில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆற்றின் ஒரு பகுதியைப் பைப்புக்குள் விட்டு, மேலே மூடி, கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள்! சாதாரண நாளில் பைப்பு சமாளித்தது. பெருமழையில் அதன் வாய் போதவில்லை. தண்ணீர் எங்கே போகும்? வழி கிடைத்த பக்கம் போயிற்று.

மூடியது வெறும் ஆற்றை மட்டும் அல்ல. ஒரு மனிதர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து போட்ட பிளானையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

பூ வியாபாரிக்குப் பரிசு

அந்த மனிதர் பிரடெரிக் லா ஓல்ம்ஸ்டெட். 1822-ல் பிறந்தவர். நியூயார்க் நகரத்தின் நடுவே 843 ஏக்கரில் இருக்கிறதே 'சென்ட்ரல் பார்க்', அதற்குக் கால்வெர்ட் வாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1858-ல் பிளான் போட்டவர். பூங்கா, கல்லூரி வளாகம், ஆஸ்பத்திரித் தோட்டம் இவற்றில் எங்கே மேடு, எங்கே மரம், எங்கே பாதை என்று வகுத்துக் கொடுக்கும் 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்' தொழிலுக்கு அமெரிக்காவில் இவரைத்தான் தகப்பனார் என்பார்கள்.

பாஸ்டன் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் சேற்றாறு வந்து சேரும் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஊர்ச் சாக்கடை அங்கேதான் கலந்தது. கடல் ஏறும்போது தண்ணீர். வடிந்தால் நாறும் சேறு. 1878-ல் அங்கே பூங்கா அமைக்கப் போட்டி வைத்தார்கள். 500 டாலர் பரிசு. ஜெயித்தவர் ஒரு பூச்செடி வியாபாரி! பிளானில் பூவும் பாதையும் இருந்தன. வெள்ளத்துக்கு வழி இல்லை. பரிசுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதிகாரிகள் ஓல்ம்ஸ்டெட்டைக் கூப்பிட்டார்கள்.

அவர் போட்டது பூங்கா பிளான் மாதிரியே இல்லை. முதலில் சாக்கடைக்குத் தனிக் குழாய் போட்டுத் திருப்பச் சொன்னார். அப்புறம் ஆற்றை நேராக விடாமல் வளைத்து வளைத்து விட்டார். கரையைச் சுவராகக் கட்டாமல் சரிவாக வைத்து, உப்புத் தண்ணீரைத் தாங்கும் புல்லை நட்டார். வெள்ளம் வந்தால் கரைமேல் ஏறிப் பரவி நிற்கும். பிறகு மெல்ல வடியும். பார்க்கிறவன் கண்ணுக்கு அது இயற்கையான சதுப்பு நிலம். உண்மையில் அது நகரசபையின் வெள்ள வடிகால்! 'பேக் பே ஃபென்ஸ்' என்று பெயர். இப்படியே ஆற்றோரமாக மேலே மேலே பூங்காக்களைக் கோத்துக்கொண்டு போனார்கள். 'மரகத அட்டிகை' என்று ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்லும் பூங்கா வரிசை இதுதான்.

நம்பர் போட்ட கட்டு

இந்தப் பிளான் எல்லாம் எங்கே?

பாஸ்டனை ஒட்டிய புரூக்லைன் ஊரில். 1883-ல் அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டை ஓல்ம்ஸ்டெட் வாங்கினார். 'ஃபேர்ஸ்டெட்' என்று பெயர் வைத்தார். வீட்டோடு ஒட்டி ஆபீசு வளர்ந்தது. அவருக்குப் பிறகு மகன்கள் நடத்தினார்கள். ஜான் சார்லஸ் என்பவர் தம்பி பிள்ளை, ஓல்ம்ஸ்டெட்டே வளர்த்தவர். இளையவருக்கு அப்பா பெயரேதான்.

இங்கேதான் குமாஸ்தாக்களுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். வேலை வந்த உடனே அதற்கு ஒரு நம்பர். நில அளவை, கச்சாப் படம், மெழுகுத் துணியில் வரைந்த படம், போட்டோ எல்லாவற்றுக்கும் அதே நம்பர். தேட அட்டைக் குறிப்பு. தீ பிடிக்காத செங்கல் அறை கட்டி உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

செடி நடும் படம் எப்படி இருக்கும் தெரியுமா? குட்டிக் குட்டி வட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு எண். அந்த எண் எந்தச் செடி என்பது வேறு காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதம் தொலைந்தால் படம் ஊமை! நம்ம பக்கத்தில் சிட்டா ஒரு பீரோவிலும் பட்டா ஒரு பீரோவிலும் இருந்தால் என்ன பாடோ, அதே பாடுதான். ஃபேர்ஸ்டெட்டில் இரண்டும் ஒரே கட்டில் இருந்தன.

கம்பெனி சுருங்கிய பிறகும் காகிதத்தை யாரும் எடைக்குப் போடவில்லை. 1979-ல் சட்டம் போட்டு, 1980-ல் மத்திய சர்க்காரின் தேசியப் பூங்கா இலாகா வீட்டையும் கட்டுகளையும் எடுத்துக்கொண்டது. வரைபடங்கள் மட்டும் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம். வேலைகள் ஆயிரக்கணக்கில். கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

பிள்ளை பெயரில் காலேஜ்

ஒரு கட்டைப் பிரித்தால் கதை வரும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கட்டு அப்படி.

லேலண்ட் ஸ்டான்போர்டு ரெயில்வே முதலாளி. கலிபோர்னியா கவர்னராகவும் இருந்தவர். ஒரே பிள்ளை 1884-ல், 15 வயதில், டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டான். அவன் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் கட்ட, 1886-ல் ஓல்ம்ஸ்டெட்டைக் கூப்பிட்டார். இவர் குன்றடி நிலத்தில் கட்டலாம் என்றார். அவர் சமவெளியில்தான் என்று ஒரே பிடிவாதம். முதலாளி ஜெயித்தார்.

ஓல்ம்ஸ்டெட் விடாப்பிடியாகச் சொன்னது வேறு. மழை குறைந்த பூமியில் பச்சைப் புல்வெளிக்கு ஆசைப்படாதீர்கள், வறட்சி தாங்கும் செடி வையுங்கள் என்றார். நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றி நிழல் தாழ்வாரம். பிற்காலத்தில் மாணவர்கள் பெருகினால் கிழக்கும் மேற்கும் இதே மாதிரி முற்றங்கள். இது பிளான்.

முதல் முற்றம் கட்டினார்கள். அப்புறம் வந்தவர்கள் தோன்றிய இடத்தில் கட்டிடம் எழுப்பினார்கள். 1989-ல் பூகம்பம் வந்து பல கட்டிடங்கள் விரிசல் விட்டபோதுதான், மறுபடியும் எதை எங்கே கட்டுவது என்ற கேள்வி வந்தது. பழைய பிளானை எடுத்தார்கள். 2008 முதல் 2014 வரை மேற்கே 4 கட்டிடங்கள் எழும்பி, விஞ்ஞான, என்ஜினீயரிங் முற்றம் உருவானது. ஏறக்குறைய 120 வருஷத்துக்கு முன்பு காகிதத்தில் கோடு போட்ட பக்கத்திலேயே!

ஓல்ம்ஸ்டெட்டின் கடைசிக் காலம்தான் பரிதாபம். ஞாபகம் தப்பிப்போய், 1898-ல் மெக்லீன் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரி நிலத்துக்கு முன்பு யோசனை சொன்னவர் அவரேதான். 'என் பிளான்படி செய்யவில்லையே, பாவிகள்' என்று அங்கே எரிந்து விழுந்ததாகச் சொல்வார்கள். நினைவு போனாலும் பிளான் போகவில்லை பாருங்க! 1903-ல் அங்கேயே காலமானார்.

திரும்பி வந்த ஆறு

1996 வெள்ளத்துக்குப் பிறகு பாஸ்டனில் புத்தி வந்தது. பெரிய பைப்பு போட்டுத் தொலைக்கலாம் என்று விட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வெள்ளத்தைத் தடுப்பது ஒரு நோக்கம் என்றால், ஓல்ம்ஸ்டெட் அமைத்த கரையை மீட்பது இன்னொரு நோக்கம் என்று திட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். கரை எங்கே வளைந்தது, சரிவு எப்படி என்று பார்க்க அந்தக் கட்டுகள் இருந்தன.

ஆனால் காகிதம் தயார், காசு தயாராகவில்லை. ராணுவ என்ஜினீயர்கள் மண்வெட்டியைத் தூக்க 2012 ஆகிவிட்டது. 16 வருஷம்! சர்க்கார் காரியம் அமெரிக்காவிலும் அப்படித்தான் போலிருக்கிறது. 2016-ல் முதல் கட்டம் முடிந்தது. பைப்புக்குள் கிடந்த ஆறு வெளியே வந்து வெயில் பார்த்தது. சரிவான கரையும் மரங்களும் வந்தன. இரண்டாவது கட்டத்தில் ஆற்றைத் தூர் வாரி, மண்டிக் கிடந்த நாணலைப் பிடுங்கினார்கள். அது 2023-ல் முடிந்தது.

ஓல்ம்ஸ்டெட் ஃபென்சில் நட்ட உப்புப் புல் மட்டும் திரும்பவில்லை. 1910-ல் சார்லஸ் ஆற்றின் குறுக்கே அணை வந்ததில் கடல் தண்ணீர் நின்றுபோயிற்று. அப்போதே செத்த புல் அது. படத்தில் வட்டம் இருக்கிறது, எண் இருக்கிறது, செடியின் பெயரும் இருக்கிறது. உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது? இப்போது நட்டிருப்பது நல்ல தண்ணீரில் வளரும் செடிகள்.