தோம்பு, உறுதி, உறவுச்சொல்: யாழ்ப்பாணக் காணிப் பதிவுகளில் குடிவழி தேடல்

குடிவழி ஆய்வு பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்வது. ஐரோப்பியக் குடும்பங்களில் குடும்பப் பெயர் மாறாது தொடர்வதால் இம்முறை அங்குப் பெரும்பாலும் பயன் தருகிறது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களில் நிலைமை வேறு. அங்கு மனிதரின் முழுப்பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. நீண்டகாலம் மாறாது நிற்பது காணியின் பெயர். ஆகவே காலனித்துவ காலத்துக் குடும்பமொன்றின் முன்னோரைத் தேடுவோர் ஆளைத் தொடர்வதைக் காட்டிலும் நிலத்தைத் தொடர்வதே தக்கது. ஆனால் நிலத்தைத் தொடர்வதற்கு அப்பதிவுகளின் மொழியை அறிதல் வேண்டும். பதிவுகளில் நேரும் பிழைகளுட் பல வரலாற்றுப் பிழைகளாகத் தோன்றினும் அடிப்படையில் மொழிபெயர்ப்புப் பிழைகளே.

போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658-இல் ஒல்லாந்தரும் 1795-இல் ஆங்கிலேயரும் அவர்களைத் தொடர்ந்தனர். நிலப்பதிவேட்டைக் குறிக்கும் 'தோம்பு' என்னும் சொல் போர்த்துக்கேயம் தந்தது. லிஸ்பன் நகரின் தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் 'தோம்புக் கோபுரம்' என்று பொருள்படும் பெயரையே தாங்கி நிற்கிறது. சொல் போர்த்துக்கேயருடையதாயினும் அதனை விரிவான நிருவாகக் கருவியாக ஆக்கியவர்கள் ஒல்லாந்தர். அவர்கள் இலங்கையில் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் எழுதுவித்த தோம்புகள் இருவகையின. தலைத்தோம்பு குடும்பத் தலைவனையும் உடன்பிறந்தார், மனைவி, மக்களையும் அவர்கள் அரசுக்குச் செய்யக் கடமைப்பட்ட ஊழியத்தையும் குறிப்பது. நிலத்தோம்பு ஒவ்வொரு காணியையும் அதன் உரிமையாளரையும் குறிப்பது. இவற்றுக்குப் புறம்பாகப் பள்ளி ஆசிரியர்கள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதிவந்த பள்ளித்தோம்பும் இருந்தது. வரியும் ஊழியமும் பெறுவதே இவற்றின் நோக்கம். குடும்ப வரலாறு அதன் துணைவிளைவு. ஆயினும் அத்துணைவிளைவு சிறிதன்று. ஃபேபியன் டிரிக்ஸ்லர், யான் கோக் ஆகியோர் தென்மேற்கிலங்கைத் தோம்புகளைக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டுக் குடும்பங்களின் பிள்ளைப்பேற்று முறையையே ஆராய்ந்து 2016-இல் கட்டுரை வெளியிட்டனர். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்கள் கொழும்பு, சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் காக்கப்படுகின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்பதிவுகளைத் திறப்போர் முதலில் எதிர்கொள்வது பெயரின் அமைப்பு. 'கந்தர் வேலுப்பிள்ளை' என ஒரு பெயர் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இதில் கந்தர் என்பது தந்தையின் பெயர். வேலுப்பிள்ளை என்பதே ஆளின் பெயர். ஐரோப்பிய வரிசைப்படி முன்னதை ஆளின் பெயராகவும் பின்னதைக் குடும்பப் பெயராகவும் கொண்டு அட்டவணைப்படுத்துவோர் தந்தையையும் மகனையும் இடமாற்றிவிடுகின்றனர். இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது வழக்கம். பெயரன் என்னும் சொல்லே அதனைக் கூறும். எனவே வேலுப்பிள்ளை கந்தரின் மகன் கந்தர் வேலுப்பிள்ளை. அவன் மகன் மீண்டும் வேலுப்பிள்ளை கந்தர். ஒரே எழுத்துத்தொடர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பி வருகிறது. 1770-களில் ஒரு வேலுப்பிள்ளை கந்தரும் 1820-களில் ஒரு வேலுப்பிள்ளை கந்தரும் காணப்பட்டால் இருவரையும் ஒருவராக்கிக் குடிவழியில் இரு தலைமுறைகளை விழுங்கிவிடுவது எளிது. பெயரை மட்டும் நோக்குவோர்க்கு இதனைக் கண்டுபிடிக்க வழியில்லை. காணியை நோக்குவோர்க்கு உண்டு: முன்னவரிடம் முழுக்காணியாக இருந்தது பின்னவரிடம் பங்காகக் குறைந்திருக்கும்.

பள்ளித்தோம்பு இச்சிக்கலை மேலும் பெருக்குகிறது. ஒல்லாந்தர் காலத்தில் திருமணமும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் முறையாக ஏற்கப்படத் திருச்சபைப் பதிவு வேண்டியிருந்தமையால், தம் சமயத்தைக் கைவிடாத பலரும் ஞானஸ்நானப் பெயர் ஒன்றைப் பெற்றுக்கொண்டனர். ஒருவரே பள்ளித்தோம்பில் விவிலியப் பெயராலும் நிலத்தோம்பில் சைவப் பெயராலும் வழங்கப்பட்டிருக்கலாம். முன்னையதைக் கொண்டு அக்குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என முடிவு செய்வது பதிவின் நோக்கத்தை அறியாமை.

எழுத்துப்பெயர்ப்பையும் சுருக்கமாக நோக்கலாம். ஒல்லாந்த எழுத்தர் உகரத்தை ஓ, ஈ என்னும் இரண்டு உரோமன் எழுத்துகளின் சேர்க்கையாலும், யகரத்தை ஜே எழுத்தாலும் எழுதுவர். ஆங்கில எழுத்தர் அதே எழுத்துகளைத் தம் மொழி ஒலிப்பிற்கேற்பப் படித்தால் உகரம் ஓகாரமாகவும் யகரம் ஜகரமாகவும் திரியும். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் உரோமன் எழுத்தில் மறைந்துவிடும். ஆகவே ஆங்கிலப் படியில் காணும் பெயரை நேரே தமிழாக்காமல், இடையில் நின்ற ஒல்லாந்த வடிவத்தை முதலில் மீட்டுப் பின்னரே தமிழ் வடிவத்தை ஊகித்தல் வேண்டும்.

ஒலித்திரிபைக் காட்டிலும் ஆழமானது பொருட்டிரிபு. ஒல்லாந்த மொழியில் 'நேஃப்' என்னும் ஒரு சொல் உடன்பிறந்தாரின் மகனையும் பெற்றோரின் உடன்பிறந்தார் மகனையும் ஒருங்கே குறிக்கும். பெண்பாலுக்கு 'நிக்ட்' என்பதும் அவ்வாறே. தமிழ் உறவுமுறை இவ்விடத்தில் தலைமுறையைப் பிரிக்கிறது. தலைமுறைக்குள்ளும் கொள்வினைக்கு உரியாரையும் உரியரல்லாரையும் பிரிக்கிறது. ஆண்மகன் ஒருவனின் 'நேஃப்' தமிழில் அண்ணன் அல்லது தம்பியாகலாம், மச்சானாகலாம், பெறாமகனாகலாம், மருமகனாகலாம். நான்கு வெவ்வேறு உரிமை நிலைகள் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மறுதலையாக, தமிழில் ஒன்றாய் நிற்பது ஒல்லாந்தத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டாகப் பிளக்கிறது. மருமகன் என்பது ஆணுக்குச் சகோதரியின் மகன். மகளின் கணவனும் அவனே. மச்சாள் மச்சான் திருமணம் வழக்கிலிருந்த சமூகத்தில் இருவரும் ஒருவராகவே இருக்கவும் கூடும். எழுத்தரோ ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். அவர் 'மகளின் கணவன்' எனப் பொருள்படும் சொல்லைத் தெரிந்தால், பின்வரும் ஆய்வாளர் இல்லாத ஒரு மகளைக் குடிவழியில் தேடத் தொடங்குவார். 'தம்பி' என்னும் சொல்லும் இத்தகையதே. அது சிற்றப்பன் மகனையும் பெரியம்மை மகனையும் தழுவும் என்பதை மறந்தால் ஒரு தந்தைக்கு அவன் பெறாத மக்களைச் சேர்க்க நேரும்.

இவ்வகைப் பெயர்ப்பின் வரலாற்றில் தேசவழமைக்குத் தனியிடம் உண்டு. யாழ்ப்பாணத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் இவ்வழமைகளை ஒல்லாந்த மொழியில் தொகுத்தார். யான் பீரூஸ் அதனைத் தமிழாக்க, 12 முதலிமார் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். 1806-இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். தமிழில் வழங்கிய வழமை ஒல்லாந்தத்தில் எழுதப்பட்டு, தமிழில் சரிபார்க்கப்பட்டு, ஆங்கிலத்தில் நீதிமன்றங்களை அடைந்தது. இப்பயணத்தில் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூன்று சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் நிலைத்தன. ஆங்கிலத் தீர்ப்புகளிலும் அவை தமிழ்ச் சொற்களாகவே வருகின்றன. உறவுச்சொற்களுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை.

காணி எவ்வழியே நகர்கிறது என்பதை அம்மூன்று சொற்களே காட்டுகின்றன. ஐசாக்ஸ் தொகுப்பு கூறும் பழைய முறைப்படி, கணவன் கொணர்ந்தது முதுசொம், அது ஆண்மக்களுக்கு. மனைவி கொணர்ந்தது சீதனம்; அது பெண்மக்களுக்கு. மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் இருபாலார்க்கும். அவ்வாறாயின் சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் செல்லும். ஒவ்வொரு தலைமுறையிலும் அக்காணிக்கு உரியவளின் தந்தை பெயரும் கணவன் பெயரும் வேறுவேறு. ஆண்பெயர்களை மட்டும் நோக்கினால் தொடர்பற்ற நான்கு குடும்பங்கள் ஒரு வளவை அடுத்தடுத்து வைத்திருந்தனவாகத் தோன்றும். உண்மையில் அது ஒரே தாய்வழி. மகப்பேறின்றி ஒருத்தி இறந்தால் சீதனம் அவள் சகோதரிகளிடம் திரும்பும். காணி பக்கவாட்டில் தாவுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் இதனை மாறா விதியாகக் கொள்ளலாகாது. போர்த்துக்கேயர் காலந்தொட்டே மூவகைச் சொத்திலிருந்தும் வேறுபாடின்றிச் சீதனம் வழங்கும் வழக்கம் புகுந்துவிட்டதாக அத்தொகுப்பே கூறுகிறது. 1911-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்னர் நிகழ்ந்த திருமணங்களின் சொத்துரிமையை வேறுவகையில் வரையறுத்தது.

ஆங்கிலேயர் காலத்தில் தோம்பின் இடத்தை உறுதி பெற்றது. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டியதாயிற்று. நொத்தாரிசு என்னும் சொல்லும், அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் என்னும் சொல்லும் ஒல்லாந்தம் விட்டுச்சென்றவை. உறுதி ஒன்றில் குடிவழித் தேடலுக்கு உதவும் செய்திகள் எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கின்றன. வாங்குவோர், விற்போர் பெயர்களைக் காட்டிலும் நாற்புற எல்லைகள் பெரும்பாலும் பயன்மிக்கன. உடன்பிறந்தாரிடையே காணி பிரிக்கப்படும்போது அயலவர் உறவினராகவே அமைவர். கிழக்கெல்லையில் நிற்கும் பெயர் விற்பவரின் சகோதரியுடையதாக இருக்கலாம். மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் இசைவு வேண்டும் என்பதால், அவள் எழுதும் உறுதியில் தந்தைவழி, கணவன்வழி என்னும் இரு குடிவழிகள் ஒரே தாளில் சந்திக்கின்றன. பங்காளிக்கும் உரித்தாளிக்கும் கொள்வனவில் முன்னுரிமை உண்டாதலால் அவர்களுக்கு விடுக்கப்பட்ட அறிவித்தல்கள் ஏறக்குறைய உறவினர் பட்டியல்களே.

பின்னங்கள் தனிக்கவனத்துக்கு உரியன. பாட்டனிடம் பாதியாக இருந்த காணியில் பேரன் 12-இல் ஒரு பங்கைப் 'பிரிபடாத பங்கு' என விற்றால், அப்பாதி 6 பங்காகியிருக்க வேண்டும். ஒரு தலைமுறையில் 6 மக்களா, இரு தலைமுறைகளில் மூவரும் இருவருமா என்பதை ஏனைய பங்காளிகளின் பின்னங்கள் தீர்த்துவைக்கும். பெயர் கிடைக்காத முன்னோரின் எண்ணிக்கையையேனும் இக்கணக்கு தருகிறது. ஆனால் அளவைச் சொற்களில் விழிப்பு வேண்டும். 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். இலாச்சம் என்னும் அளவோ நெல்விதைப்புக்கும் வரகுவிதைப்புக்கும் தனித்தனியே வழங்கியது. ஆங்கில உறுதிகளில் இவ்வேறுபாடு இரண்டு சுருக்க எழுத்துகளாக மட்டும் நிற்கும். மொழிபெயர்ப்பாளர் அவற்றைப் பொருளற்றனவாகக் கருதி விட்டுவிட்டால், சுருங்காத காணி சுருங்கியதாகவும் பிறவாத வாரிசு பிறந்ததாகவும் தோன்றும்.

பாகப்பிரிவினை வழக்கேடுகளில் ஆயத்தமான குடிவழி அட்டவணைகளே கிடைக்கும். பல தலைமுறைகளைக் கிளையோடு வரைந்து காட்டும் இவை பார்ப்போரை எளிதில் கவர்வன. ஆனால் அவை வழக்காடுவோர் தம் பங்கை நிறுவ வரைந்தவை. பங்கு கோராத கிளைகள் அவற்றில் இடம்பெறாமற் போவதுண்டு. எதிர்வழக்காளியின் மறுமொழியையும் சேர்த்துப் படித்தாலன்றி அவற்றைச் சான்றாகக் கொள்ள இயலாது.

காணி இல்லாதாரின் நிலை என்ன? தேசவழமை அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. அவர்களை அது சொத்தாகவே கருதுகிறது. சீதன ஓலைகளில் காணி, நகை ஆகியவற்றோடு மனிதரும் எண்ணப்பட்டனர். இலங்கையில் அடிமைமுறை 1844-இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட தம் முன்னோரை அவர்களின் வழிவந்தோர் தேட வேண்டிய இடம் உடையவரின் சீதனப் பட்டியல். தந்தை பெயரும் எல்லையும் பின்னமும் இன்றி ஒரு தனிப்பெயர் மட்டும் அங்கு இருக்கும். அப்பெயரைத் தொடரவும் வழி ஒன்றே: அவ்வீட்டின் மகளுக்குச் சென்ற காணியைத் தொடர்தல். காணியோடு அம்மனிதரும் அடுத்த ஓலைக்குச் சென்றிருப்பர். ஓலைகளை மொழிபெயர்ப்போர் சிலர் அடிமையைக் குறிக்கும் சொற்களைப் 'பணியாள்' என மென்மைப்படுத்துகின்றனர். நாகரிகம் கருதிய செயலேயாயினும், அது இவ்வழியையும் அடைத்துவிடுகிறது. பணியாள் சீதனமாகக் கொடுக்கப்படுவதில்லை என்பதால் அடுத்த ஓலையைத் தேட எவர்க்கும் தோன்றாது.

இத்தேடல் பழமை ஆர்வத்தோடு நின்றுவிடுவதன்று. 1983 முதல் 2009 வரையிலான போரில் இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டப்படி 10 ஆண்டுத் தடையற்ற எதிரிடை ஆட்சி பிறர்க்கு உரிமையளிக்கும் என்பதால், போரினால் காணிக்குத் திரும்ப இயலாதோர்க்காக 2016-இல் 5-ஆம் இலக்கச் சட்டம் சிறப்பேற்பாடு செய்தது. இன்று உறுதிப் படிகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழ் படிக்கவியலாத பேரப்பிள்ளைகளின் கைகளில் இருக்கின்றன. மொழிபெயர்ப்பின் வழியாகவே அவர்கள் அவற்றை அறிகின்றனர். அத்தகைய மொழிபெயர்ப்பில் உறவுச்சொல்லைத் தமிழ் வடிவிலேயே நிறுத்தி, அது குறிக்கக்கூடிய உறவுகள் அனைத்தையும் அடிக்குறிப்பில் தருதல் வேண்டும். தந்தை பெயர் எது, ஆளின் பெயர் எது என்பதை ஒவ்வொரு முறையும் சுட்டுதல் வேண்டும். காணிப் பெயரை ஒருபோதும் பொருள்பெயர்த்தல் கூடாது. கலட்டி, புலம், வளவு என முடியும் அப்பெயர்கள் 'கற்பாங்கான நிலம்', 'வயல்', 'வீட்டுமனை' என மாற்றப்பட்ட மறுகணம், முந்திய உறுதியையும் பிந்திய உறுதியையும் பிணைக்கும் ஒரே இழை அறுந்துவிடும்.