அந்த இருமல் யாருடையது?

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு தாய் தம் ஏழு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். இரண்டு மாதங்களாகச் சிறுவனுக்கு இருமல். நான்கு புட்டி மருந்து தீர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, பசி நன்றாகவே இருந்தது. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன். மூச்சொலி தெளிவாக இருந்தது. ஊடுகதிர்ப் படத்திலும் மூச்சுத்திறன் சோதனையிலும் குறை ஏதும் தென்படவில்லை.

"எப்போது இருமுகிறான்?" என்று கேட்டேன்.

"காலையில எழுந்து பல் தேய்க்கும்போது மட்டும்தான் டாக்டர். தூங்கும்போது இல்ல, ஓடி விளையாடும்போதும் இல்ல."

சிறுவனிடம் இருமிக் காட்டச் சொன்னேன். அவன் நாற்காலியிலிருந்து இறங்கி, இடது கையை இடுப்பில் ஊன்றி, முதுகைச் சற்று வளைத்து, அடிவயிற்றிலிருந்து மூன்று முறை இருமினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளங்கையால் மார்பைத் தடவினான். அது ஏழு வயதுப் பிள்ளையின் இருமலாக இல்லை. பல ஆண்டுகள் புகைத்த ஓர் ஆணின் இருமல் போலிருந்தது. தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இவங்க அப்பா இப்படித்தான் இருமுவார்" என்றார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். குழந்தையின் இருமலைப் 'பாவனை' என்று வீட்டிலிருந்தபடியே முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் மருத்துவரின் பரிசோதனை தேவை. காசநோயும் ஆஸ்துமாவும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே வேறு காரணங்களை எண்ணிப்பார்க்க வேண்டும். மேலும், புகை பிடிப்பவர் உள்ள வீட்டில் குழந்தைக்கு உண்மையாகவே இருமல் வருவதற்குக் காரணங்கள் பல உண்டு. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்களின் மூச்சுக்குழாய்களோ குறுகியவை. அருகில் இருப்பவர் விடும் புகையால் குழந்தைகளுக்கு ஆஸ்துமா மோசமாகும். நுரையீரல் தொற்றும் நடுக்காது அழற்சியும் அடிக்கடி வரும். சன்னலைத் திறப்பதாலோ மின்விசிறியைச் சுழலவிடுவதாலோ இந்த ஆபத்து நீங்கிவிடாது.

அடுத்த வாரம் தந்தை வந்தார். வயது 38. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் உலைப் பகுதியில் வேலை. இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "பிள்ளைங்க முன்னாடி ஒருநாளும் பிடிச்சதில்ல டாக்டர். வீட்டுக்கு வெளியிலதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மகனுக்கு அந்தச் சட்டையின் வாசனை தெரியும், தீப்பெட்டி எந்தப் பையில் இருக்கும் என்பது தெரியும், உணவுக்குப் பின் அப்பா ஏன் தெருமுனை வரை நடக்கிறார் என்பதும் தெரியும். ஒளித்துச் செய்வதைத்தான் குழந்தைகள் இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 72 மழலையரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பெரியவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடிப்பதையும் உதைப்பதையும் சில குழந்தைகள் பார்த்தனர். அவ்வாறே செய்யுமாறு யாரும் அவர்களிடம் கூறவில்லை. பின்னர் அதே பொம்மையுடன் இருக்க நேர்ந்தபோது, அவர்களில் பலர் அப்பெரியவரின் செயல்களை மட்டுமன்றி அவர் உச்சரித்த சொற்களையும் திரும்பச் செய்தனர்.

இதற்கு ஸ்டான்ஃபோர்டு வரை போகத் தேவையில்லை என்பதை என் மகள் எனக்குக் காட்டினாள். ஒருநாள் அவள் பொம்மைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று பொம்மையிடம் கேட்டாள். கேட்ட நேரம் முழுவதும் அவள் கண்கள் கையிலிருந்த என் பழைய கைப்பேசியிலேயே இருந்தன. பொம்மையின் முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவள் யாரைப் பார்த்துக் கற்றாள் என்று என் மனைவியிடம் நான் கேட்கவில்லை.

மீண்டும் அந்தத் தந்தையிடம் வருகிறேன். எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டேன். பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றார். உலையின் அருகே நிற்பவர்களில் புகைப்பவருக்கு மட்டும் நடுவில் ஐந்து நிமிடம் வெளியே போக முடிந்ததாம். அதற்கும் முன்னால், தம் தந்தைக்காகப் பீடியும் தீப்பெட்டியும் வாங்கக் கடைக்கு ஓடிய நினைவும் அவருக்கு இருந்தது. மிச்சக் காசில் மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம் என்பது அந்நாளைய சலுகை. "இப்ப நானும் பையனை அனுப்பியிருக்கேன்" என்று தாமாகவே சொன்னார்.

இதைப் படிக்கும் பலர் அவ்வாறு அனுப்பியிருக்கக்கூடும். 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 18 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது குற்றம். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதும் குற்றம். குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தமிழகத்தில் 2013 மே மாதம் முதல் தடை உள்ளது. இருந்தும் உதட்டுக்குள் அடக்கும் சிறு பொட்டலங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்றன. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். கடைக்குப் போகும் வழியைப் பிள்ளைக்குக் காட்டுவது பெரும்பாலும் வீட்டார்தான்.

தந்தைக்கு மூச்சுத்திறன் சோதனை செய்ததில் மூச்சுக்குழாய் அடைப்பின் தொடக்கம் தெரிந்தது. புகை மட்டுமன்றி உலைத் தூசிக்கும் அதில் பங்கு இருக்கலாம். முகக்கவசம் அணிவதைப் பற்றிப் பேசினோம். விடுவதற்கான நாளைக் குறித்தோம். நிகோட்டின் மெல்லும் பசையைத் தொடங்கினோம். அதை மிட்டாய் போல மென்று விழுங்கக் கூடாது; சிறிது மென்று, சுள்ளென்ற சுவை வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். புகைக்கத் தோன்றும் வேகம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை ஒரு குவளைத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்கச் சொன்னேன். முதல் சில நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் மிகும் என்றும், சில வாரங்களில் குறையும் என்றும் மனைவியிடமும் விளக்கினேன். வீட்டார் முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்நாள்களின் கோபத்தைத் தாங்குவது எளிது.

இன்னொன்றும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இதை மகனுக்கு மறைக்காமல் செய்யுங்கள். அப்பா விட முயல்கிறேன், கஷ்டமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள்." தந்தை மகனிடம் பலவீனத்தை ஒப்புக்கொள்வதா என்று தயங்கினார். 'நீ பிடிக்கக் கூடாது' என்று கட்டளையிடுவது எல்லாத் தந்தையருக்கும் எளிது. விரும்பிய ஒன்றைப் பெரியவர் ஒருவர் போராடி விடுவதைக் கண்ணால் காணும் வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது?

பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது நண்பர்களுடன் சேர்ந்து அவர் மீண்டும் பிடித்துவிட்டார். நான்கு நாள்கள். அதையும் மகனிடம் சொல்லிவிட்டு, வேறொரு நாளைக் குறித்துக்கொண்டார். பலருக்கு முதல் முயற்சியிலேயே முழுமையாக விட முடிவதில்லை. இடறி விழுவதை நாங்கள் தோல்வியாகக் குறித்துக்கொள்வதில்லை. எந்த இடத்தில், யாருடன் இருந்தபோது இடறினார் என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்த முறைக்கு ஆயத்தம் செய்கிறோம்.

உங்கள் வீட்டில் எவரேனும் விட விரும்பினால், அடுத்த பரிசோதனையின்போது எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண் 1800 112 356. கட்டணம் இல்லை.

சிறுவனின் இருமலுக்கு நான் மருந்து எழுதவில்லை. மூன்றாம் வாரத்திலேயே அது நின்றுவிட்டதாகத் தாய் தொலைபேசியில் தெரிவித்தார். இப்போது அவரிடம் வேறொரு புகார் இருக்கிறது. இரவு உணவு முடிந்ததும் அப்பா தண்ணீர்ப் புட்டியுடன் வாசற்படியில் அமர்கிறாராம். மகனும் தன் பள்ளிப் புட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்து, அவர் ஒரு வாய் குடித்தால் தானும் ஒரு வாய் குடிக்கிறானாம். "ராத்திரி ரெண்டு தடவை எழுப்பி வெளியே கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு டாக்டர்" என்றார். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே புட்டியை வாங்கி வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன், இருவரிடமிருந்தும்.